பைபிளைப் படிக்க எந்த முறை? ஒரு ஜாமீன் கையெழுத்தை வைத்து ஐந்து வழிகளின் ஒப்பீடு

"தினமும் பைபிள் வாசிக்கிறேன். ஆனால் வீட்டில் ஒரு சிக்கல் வந்தால் படித்தது எதுவும் கைகொடுக்கவில்லை. நான் படிக்கும் முறைதான் தப்பா?" காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கத்து வாசகர்கள் இதைப் பல விதமாகக் கேட்கிறார்கள். சிலர் ஒரு வருடத் திட்டத்தைத் தொடங்கிப் பாதியில் நின்றவர்கள். சிலருக்குத் திருப்பலி வாசகங்களே போதுமா என்ற தயக்கம். வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போவதா, தனியாக உட்கார்ந்து படிப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் இருப்பவர்களும் உண்டு.

பொதுப்படையாகப் பேசினால் எல்லா முறையும் நல்ல முறையாகவே தெரியும். அதனால் இந்த ஊரில் அடிக்கடி எழுகிற ஒரே ஒரு கேள்வியை எடுத்து, ஐந்து முறைகளிலும் வைத்துப் பார்க்கலாம். மச்சான் கடை விரிவாக்க வங்கியில் கடன் வாங்குகிறார். உங்களை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போடலாமா?

கொடுக்கல் வாங்கலில் பழகிய செட்டிநாட்டில் இது சின்னக் கேள்வி கிடையாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் சமம். தவணை நின்றால் வங்கி நேராக உங்கள் வாசலுக்கு வரலாம். அதே சமயம், மறுத்தால் அக்காள் வீட்டுப் போக்குவரத்தே நின்றுபோகலாம். இந்த இடத்தில் வேதம் என்ன சொல்கிறது என்று தேடுகிறவருக்கு எந்த முறை உதவும்?

## எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, நேரம். கடை அடைத்து வீடு வர இரவு பத்து ஆகிறவர், கணவர் சிங்கப்பூரில் இருக்க வீட்டையும் பிள்ளைகளையும் ஒற்றையாளாகப் பார்க்கிறவர், ஆத்தங்குடிக் கல் பட்டறையில் நாள் முழுக்க நிற்கிறவர் என்று எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் இருக்காது. ஒரு வாரம் விட்டுப்போனாலும் திரும்பத் தொடர முடிகிற முறையா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, முன்பின் சூழல். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும். "உங்களுக்கான என் நினைவுகள் சமாதானத்துக்கானவை" என்று ஆண்டவர் சொல்லும் வசனம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்திய வசனமே எழுபது வருடம் ஆகும் என்கிறது. அதற்குச் சற்று முன்னால், அந்த அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபியுங்கள் என்றும் இருக்கிறது. அட்டையை மட்டும் பார்க்கிறவர் சீக்கிரம் விடிவு வரும் என்று நினைப்பார். கடிதத்தைப் படிக்கிறவர் நீண்ட காத்திருப்புக்குத் தயாராவார்.

மூன்றாவது, படித்ததன் விளைவு யார் தலையில் விழுகிறது என்பது. தேவகோட்டையிலிருந்து திருவாடானைப் பக்கம் போனால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று போர்ச்சுக்கலிலிருந்து வந்த மறைபோதகர் புனித அருளானந்தர் அங்கே கொல்லப்பட்டார். அதன் பின்னால் இருந்தது ஒரு குடும்ப முடிவு. அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர் ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். அந்தப் பெண்ணின் முறையீட்டிலிருந்து கிளம்பிய கோபம்தான் அருளானந்தரின் உயிரில் போய் முடிந்தது. அந்தத் தியாகத்தை வணங்குகிறேன். கூடவே, விலக்கப்பட்ட பெண்களின் பக்கமும் நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. வசனத்தின்படி நடக்கிறவர் ஒருவர், அதன் விலையைச் சேர்ந்து கொடுக்கிறவர்கள் பலர்.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியம். இந்த முறை என்னை மறுத்துப் பேச வேதத்துக்கு இடம் கொடுக்கிறதா? கையெழுத்துப் போட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டவருக்கும், போடவே கூடாது என்று முடிவு செய்துவிட்டவருக்கும் தேடினால் ஒரு வசனம் கிடைத்துவிடும். விருப்பத்துக்கு மாறான வசனத்தையும் கண்ணுக்கு முன் கொண்டுவரும் முறைதான் நல்ல முறை.

## 1. ஒரு வருடத்தில் முழு பைபிள்

66 புத்தகங்கள் உள்ள பதிப்பில் 1189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம், சில நாள் நான்கு. கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். அரை மணி நேரம் ஒதுக்கினால் தாராளமாக முடியும்.

நம் கேள்வியை இதில் வையுங்கள். ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போனால், தம்பி பென்யமீனுக்காக யூதா தன்னையே பிணையாக, அதாவது ஜாமீனாக, வைக்கிற 43ஆவது அதிகாரம் பொங்கலை ஒட்டி வரும். பிணைப்படாதே என்று எச்சரிக்கிற நீதிமொழிகள் 6 ஜூலை நடுவில் வரும். பிலேமோனின் அடிமை ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் வைக்கச் சொல்லிப் பவுல் எழுதும் பிலேமோன் கடிதம் டிசம்பர் நடுவில். மூன்றையும் நீங்கள் படித்துவிடுவீர்கள். ஆனால் பதினொரு மாத இடைவெளியில் படித்ததை யார் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பார்கள்? மச்சான் வங்கிப் படிவத்தோடு மார்ச் மாதம் வந்து நின்றால் கையில் இருப்பது யூதா மட்டும்தான்.

இதில் வெளியே தெரியாத செலவு குற்ற உணர்வு. ஜனவரி கடைசியில் லேவியராகமம், அதைத் தொடர்ந்து எண்ணாகமம். பலர் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். நான்கு நாள் விட்டால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி. அதை அடைக்க அவசரமாகக் கண்ணை ஓட்டுவோம். அந்த வேகத்தில் எதுவும் மனதில் ஒட்டாது.

ஆனாலும் பிறந்தது முதல் கோயிலுக்குப் போயும் பைபிளை முழுதாக ஒருமுறைகூடப் படிக்காதவருக்கு நான் சொல்வது இந்த முறைதான். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மற்ற முறைகள் எதிலும் நன்றாக இறங்க முடியாது. ஒரு வருடம் என்ற கெடுவை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு வருடம் ஆகட்டும், மூன்று வருடம் ஆகட்டும்.

## 2. அன்றைய திருப்பலி வாசகம்

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியிலும், வார நாள் முதல் வாசகங்கள் இரண்டு ஆண்டுச் சுழற்சியிலும் வருகின்றன. தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. சபைக்கும் தனி வாசக அட்டவணை உண்டு. திட்டம் போடும் வேலை நமக்கு இல்லை. நேற்று விட்டிருந்தாலும் இன்றைய வாசகத்தை எடுத்துக்கொண்டால் போதும், பாக்கி என்று எதுவும் சேராது. பத்து நிமிடம் இருந்தால் முடிந்தது. அதே வாசகத்தை உலகம் முழுக்கக் கேட்கிறார்கள் என்பதும் பெரிய ஆறுதல். ஊரை விட்டு வளைகுடாவில் இருக்கும் கணவரும் இங்கே இருக்கும் மனைவியும் ஒரே பகுதியைப் படித்துவிட்டு இரவு போனில் பேச முடியும்.

இந்த முறையில் படிக்கிறவர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் குய்கோ எழுதிவைத்த நான்கு படிகளைச் சேர்த்துக்கொண்டால் நல்லது. வாசி, அசைபோடு, மன்றாடு, அமைதியாக இரு.

இதன் குறை எங்கே என்றால், வாசகம் ஒரு துண்டு. நம் கேள்வியிலேயே அது பளிச்சென்று தெரிகிறது. பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டில் பிலேமோன் கடிதம் வாசிக்கப்படும். அது 17ஆம் வசனத்தோடு நிற்கும். "அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளும்" என்பது 18ஆம் வசனம். ஞாயிறு பூசைக்கு மட்டும் போகிறவர் காதில் அது விழாது. இரட்டைப்படை ஆண்டுகளில் 32ஆம் வார வியாழக்கிழமை வாசகம் 20ஆம் வசனம் வரை போகிறது. ஆனால் வியாழக்கிழமை பூசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. நீதிமொழிகள் 3:27 முதல் உள்ள பகுதி வார நாள் வாசகத்தில் வருகிறது. உன்னால் முடியும்போது நன்மை செய்யாமல் இருக்காதே, கையில் வைத்துக்கொண்டே நாளைக்கு வா என்று சொல்லாதே என்பது அதன் தொடக்கம். அதே புத்தகத்தில் ஜாமீனை எச்சரிக்கிற வசனங்கள் திருப்பலி வாசகங்களில் இல்லை. ஆக, வாசகத்தை மட்டும் நம்புகிறவருக்கு உதவு என்கிற குரல் கேட்கும், எச்சரிக்கை கேட்காது. இது திருச்சபையின் குற்றமில்லை. வழிபாட்டுக்கென்று தேர்ந்தெடுத்த பகுதிகளிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் எதிர்பார்ப்பதுதான் பிழை.

தினசரிப் பழக்கத்துக்கு இதைவிட உறுதியான முறை இல்லை. நேரம் குறைந்தவர்களும், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களும், துக்கத்தில் இருப்பவர்களும் இதைப் பிடித்துக்கொள்ளலாம். பெரிய முடிவு ஒன்று எதிரே நிற்கும்போது, வாசகத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

## 3. ஒரே புத்தகத்தை ஊன்றிப் படிப்பது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு புத்தகத்தை எடுத்து மூன்று கேள்விகளோடு மெதுவாகப் போவது. என்ன எழுதியிருக்கிறது? அன்று கேட்டவர்களுக்கு அது என்னவாகப் பட்டிருக்கும்? இன்று நான் என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு முதலில் ஓடுவதுதான் நம் எல்லாருடைய பழக்கம். முதல் இரண்டிலும் போதிய நேரம் இருந்தால்தான் மூன்றாவதற்கு நேர்மையான விடை வரும். ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும்.

நீதிமொழிகளை இப்படிப் படிக்கிறவர் என்ன காண்பார் என்று பாருங்கள். 17:17 சொல்கிறது: நண்பன் எக்காலத்திலும் அன்பு காட்டுவான், இடுக்கணில் உதவவே சகோதரன் பிறந்திருக்கிறான். அடுத்த வசனமே, 17:18, நண்பனுக்காகக் கையடித்துக் கொடுத்துப் பிணைப்படுகிறவன் புத்தியில்லாதவன் என்கிறது. இரண்டும் ஒட்டி நிற்கின்றன. ஒன்றை மட்டும் உருவி மச்சானுக்கு வாட்ஸப்பில் அனுப்ப முடியும். சேர்த்துப் படித்தால் முடியாது. சகோதரனை இடுக்கணில் கைவிடாதே, அதற்கு ஜாமீன் கையெழுத்துதான் வழி என்றும் நினைக்காதே என்று இரண்டும் சேர்ந்தே பேசுகின்றன. அப்படியானால் கடைக்குச் சரக்கு வாங்க நம்மால் முடிந்த ஒரு தொகையைத் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று கொடுக்கலாமா, தவணைக் கணக்கை உட்கார்ந்து சரிபார்த்துக் கொடுக்கலாமா, வாரத்தில் இரண்டு நாள் கடையில் நிற்கலாமா என்று கேள்வியே வேறு பக்கம் திரும்புகிறது.

6:1 முதல் 5 வரை படித்தால் இன்னொரு விஷயம் தெரியும். அது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவருக்குச் சொன்னது. தூங்காதே, போய்த் தாழ்ந்து கெஞ்சியாவது விடுபடு என்கிறது. போட்டாயிற்று, இனி என்ன செய்வது என்று கையைப் பிசைகிறவருக்கும் அதில் வேலை இருக்கிறது.

பிலேமோன் கடிதம் வெறும் 25 வசனம். ஒரே அமர்வில் ஐந்து முறை படிக்கலாம். பவுல் ஒநேசிமுவுக்காகப் பொறுப்பேற்கிறார், ஆனால் 19ஆம் வசனத்தில் நானே செலுத்தித் தீர்ப்பேன் என்று சொந்தக் கையால் எழுதிக் கொடுக்கிறார். ஆதியாகமம் 44இல் யூதாவும் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. கேட்கப்படும் நேரம் வந்ததும் தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இருவருமே நம்மைக் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பிணைப்படவில்லை. கொடுக்கத் தயாராக இருந்து பிணைப்பட்டார்கள். கத்தோலிக்கர் கையில் உள்ள பைபிளில் சீராக்கின் ஞானம் 8:13 இதை நேராகவே சொல்கிறது: உன் சக்திக்கு மிஞ்சிப் பிணை நிற்காதே, நின்றால் நீயே கட்ட வேண்டியவன் என்று எண்ணிக்கொள். 128ஆவது பிரிவை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. 66 புத்தகங்களை மட்டும் ஏற்கிறவர்களும் அந்த நூலின் 29ஆவது அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். பிணை நிற்பது நல்ல மனிதனின் குணம் என்பதையும், அதனால் பலர் அழிந்தார்கள் என்பதையும் ஒரே அதிகாரம் பேசுகிறது.

சரி, செலவு என்ன? நேரம்தான். நீதிமொழிகளை அதிகாரத்துக்கு ஒரு நாள் என்று படித்தாலே 31 நாள், ஊன்றிப் படித்தால் பல மாதம். விளக்கவுரைகளை வாங்கத் தொடங்கினால் பணமும் போகும், அப்புறம் பைபிளைவிட விளக்கவுரையையே அதிகம் படிக்கிற நிலை வரும். இன்னொரு அபாயம், நோட்டு நிறைவதையே நடப்பதாக எண்ணிக்கொள்வது. தனியாகப் படிக்கிறவர் தன் பிழையைத் தானே கண்டுபிடிப்பதும் கடினம்.

தொடக்கத்துக்குச் சின்னப் புத்தகம் எடுங்கள். பிலேமோன், ரூத், யாக்கோபு. ஒருபுறம் பரிசுத்த வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு, மறுபுறம் 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு என்று இரண்டையும் திறந்து வைத்தால், ஒன்றில் புரியாத வாக்கியம் மற்றதில் புரியும்.

## 4. தலைப்பு வாரியாகத் தேடுவது

போனில் பைபிள் செயலியைத் திறந்து 'பிணை' என்று தட்டினால் நொடியில் வசனங்கள் வந்து விழும். நாளை காலை வங்கிக்குப் போக வேண்டியவருக்கு வேறு வழியும் இல்லை.

ஆனால் தேடல் நாம் தட்டிய சொல்லைத்தான் தேடும். பவுல் பிலேமோனுக்கு எழுதியதில் 'பிணை' என்ற சொல்லே இல்லை, அதனால் அது வராது. நீதிமொழிகளின் எச்சரிக்கைகள் வரிசைகட்டி வரும், பவுலின் கையெழுத்து மறைந்தே இருக்கும். வேதம் முழுக்க ஜாமீனுக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடுவோம். 'உதவி' என்று தட்டினால் இதற்கு நேர் எதிரான முடிவு வரும். நான்காவது அளவுகோலில் இந்த முறை தோற்பது இங்கேதான். நாம் தேர்ந்தெடுக்கும் சொல்லிலேயே நம் விருப்பம் ஒளிந்திருக்கிறது.

இதை முதல் படியாக இல்லாமல் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். பைபிளை ஒருமுறையாவது முழுக்கப் படித்தவர், எங்கோ படித்தோமே என்று நினைவுபடுத்தத் தேடினால் நல்ல பலன். கிடைத்த ஒவ்வொரு வசனத்துக்கும் அந்த அதிகாரம் முழுவதையும் படிப்பது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து குறையும்.

## 5. அன்பியம், வீட்டு ஜெபக்கூட்டம்

கத்தோலிக்கப் பங்கில் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து கூடும் அன்பியக் கூட்டம், மற்ற சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம். பெரோயா ஊரார் பவுல் சொன்னதைக்கூட அப்படியே ஏற்காமல் வேதவாக்கியங்களைத் தினமும் ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. அந்த ஆராய்ச்சி கூடிச் செய்யப்பட்டது. நம் கண்ணுக்குப் படாத வசனம் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குப் படும். ஜாமீன் போட்டு நிலத்தை இழந்த ஒரு பெரியவர் கூட்டத்தில் இருந்தால், அவர் நீதிமொழிகள் 22:27ஐ வாசிக்கும்போது வருகிற பொருளை எந்த விளக்கவுரையும் தராது. கடன் கட்ட முடியாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்கிற வசனம் அது.

செலவுகளைப் பேசாமல் விடக்கூடாது. இது எல்லாரும் எல்லாரையும் தெரிந்த ஊர். மச்சான் கடன் கேட்கிறார் என்று கூட்டத்தில் சொன்னால் விடியும் முன் அது மச்சான் காதுக்குப் போய்விடும். மத்தேயு 18:15 சகோதரனோடு தனியாக முதலில் பேசச் சொல்கிறது. கூட்டத்தில் வசனத்தைப் பேசலாம், ஆளைப் பேசக்கூடாது. சத்தமாகப் பேசுகிற ஒருவரின் கருத்தே கூட்டத்தின் கருத்தாவதும் உண்டு. எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. பல வீடுகளில் கூட்டம் நடக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் அடுப்படியில் காபியும் பலகாரமும் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஜாமீன் போட்டால் அடமானத்துக்குப் போகப் போவது அவர்கள் நகை. வேதத்தை ஆராயும் இடத்தில் அவர்கள் இல்லை. பலகாரம் வேண்டாம், எல்லாரும் உட்காருவோம் என்று முடிவெடுத்தால் கூட்டத்தின் தரமே மாறும்.

தனியாகப் படித்துச் சோர்ந்தவர்களுக்கும், எழுதப் படிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இது நல்ல வழி. நான்கைந்து பேர், ஒரே புத்தகம், மாதம் இரண்டு முறை என்றால் மூன்றாவது முறையின் ஆழமும் சேர்ந்து கிடைக்கும்.

## ஒரே பார்வையில்

| முறை | நேரம் | முன்பின் சூழல் | மறுத்துப் பேசுமா? | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வருடத் திட்டம் | தினம் அரை மணி | கிடைக்கும், வேகத்தில் தவறும் | பேசும், ஆனால் தேவைப்படும் நாளில் இல்லை | பாக்கி, குற்ற உணர்வு |
| திருப்பலி வாசகம் | 10 நிமிடம் | துண்டு துண்டாக | ஓரளவு | விடுபட்ட வசனங்கள் |
| ஒரே புத்தகம் | வாரம் இரண்டு மூன்று அமர்வு | முழுமையாக | நன்றாகப் பேசும் | நேரம், தனிமை |
| தலைப்புத் தேடல் | சில நிமிடம் | இல்லை | அரிது | பிடித்த வசனம் மட்டும் கிடைப்பது |
| கூட்டம் | மாதம் இரண்டு மாலை | ஆளைப் பொறுத்து | நல்ல கூட்டமானால் பேசும் | ரகசியம், பெண்களின் உழைப்பு |

## யாருக்கு எது?

முழுதாக ஒருமுறையும் படிக்காதவர்: முதல் முறை, கெடு இல்லாமல். நேரமே இல்லாதவர்: திருப்பலி வாசகம், ஞாயிறு மாலை மட்டும் அந்த அதிகாரம் முழுக்க. பல வருடம் படித்தும் வாழ்க்கையில் ஒட்டவில்லை என்கிறவர்: தினசரி வாசகத்தை விடாமல், கூடவே ஒரு சின்னப் புத்தகத்தை மூன்று மாதத்துக்கு எடுங்கள். இந்தச் சேர்க்கையைத்தான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வேன்.

மச்சான் படிவத்தோடு வந்துவிட்டார், வங்கிக்குப் போக இரண்டு நாள்தான் இருக்கிறது என்கிறவருக்கு இந்த முறைகளில் எதையும் தொடங்க நேரமில்லை. அவர் இன்று இரவு நீதிமொழிகள் 6:1–5, 17ஆவது அதிகாரம், ஆதியாகமம் 43, 44, பிலேமோன் கடிதம் ஆகியவற்றை மனைவியோடு சேர்ந்து சத்தமாகப் படிக்கட்டும். நாளை காலை வங்கியில் ஜாமீன் பத்திரத்தின் நகலைக் கேட்டு, மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை வருடம், நடுவில் விலக வழி உண்டா என்று எழுதி வாங்கட்டும். அந்த முழுத் தொகையையும் நாமே கட்ட நேர்ந்தால் எதை விற்போம் என்பதற்கு வீட்டில் இருவரும் ஒரே பதில் சொல்ல முடிந்தால் மட்டும் பேனாவை எடுக்கலாம். முடியாவிட்டால் அன்றே மச்சான் வீட்டுக்கு நேரில் போய், ஜாமீன் முடியாது, ஆனால் இது முடியும் என்று ஒரு உதவியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். போனில் சொல்லக்கூடாது.